எஸ்டீம்ல அட்ஜஸ்டபிள் ஷாக் போட்டதுல இருந்து முன்னாடி டொக் டொக்னு சத்தம், யாராச்சும் வழி சொல்லுங்க

குடியாத்தம் எஸ்டீம்:

வணக்கம் அண்ணா எல்லாருக்கும். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், முழுசா படிச்சிட்டு சொல்லுங்க. வண்டி மாருதி எஸ்டீம், 2003 மாடல், டிஎன் 23 நம்பர், அப்பா புதுசா எடுத்தது, மீட்டர் 1,62,000 காட்டுது, இஞ்சின்ல இன்னைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. பழைய ஷாக் நாலும் போயிடுச்சி, முன்னாடி ரெண்டும் எண்ணெய் ஒழுகி ட்யூப் பூரா மண்ணு அப்பிக்கினு இருந்துச்சி, ஹைவேல 80 தாண்டினா வண்டி தூளி மாதிரி ஆட ஆரம்பிச்சிடும். அப்பாவுக்கு முதுகுல டிஸ்க் பிரச்சினை, மாசம் ஒரு வாட்டி வேலூர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போறேன், பள்ளிகொண்டா வந்து ஹைவே ஏறுறதுக்குள்ளயே அவரு மேல இருக்கற கைப்பிடிய ரெண்டு கையாலயும் புடிச்சிக்குவாரு, வாய தொறந்து வலிக்குதுன்னு சொல்ல மாட்டாரு. அத பாக்க முடியாமத்தான் இந்த வேலையில இறங்கினேன்.

பெங்களூர்ல ஒருத்தரு அவரோட எஸ்டீம்ல இருந்து கழட்டி வச்சிருந்த மஞ்சள் கலர் கோனி கம்பெனி ஷாக் செட்டு கெடச்சிது. முன்னாடிக்கு ரெண்டு இன்சர்ட், அதாவது பழைய ட்யூபுக்குள்ள எறக்குற ஷாக், வெளி ட்யூப் (ஹவுசிங்) இல்லாம, மேல திருப்புற குமிழ் இருக்கு. பின்னாடி ரெண்டுக்கும் குமிழ் இல்ல, கழட்டி அமுக்கித்தான் திருப்பணும்னு சொன்னாரு. அப்பா வர்றப்ப சாஃப்டா வச்சிக்கலாம், நான் தனியா போறப்ப டைட்டா வச்சிக்கலாம்னு நெனச்சி வாங்கிட்டேன். வேலூர்ல ஒரு பட்டறையில குடுத்து, நம்ம பழைய ஸ்ட்ரட் ட்யூப (முன் ஷாக்கோட வெளிக் குழாய்) மேல வெட்டி உள்ள இருந்தத எடுத்துட்டு இன்சர்ட் எறக்கி அடியில போல்ட் போட்டு மாட்டினாங்க. அதே நாள்ல லோயர் ஆர்ம் புஷ்ஷும் (சக்கரத்த கீழ புடிக்கிற கையோட ரப்பர்) புதுசு போட்டாச்சு.

இப்ப பிரச்சினை என்னன்னா, இடது பக்கம் முன்னாடி சின்ன சின்ன மேடு பள்ளத்துல டொக் டொக்னு சத்தம், 20, 30 ஸ்பீடுல போறப்பதான் நல்லா கேக்குது, பெரிய ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்கினா கேக்கவே மாட்டேங்குது. பாலாத்து பாலத்து மேல ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் ஒரு டொக். சரி சாஃப்டா இருக்கறதாலதான்னு நெனச்சி முன்னாடி குமிழ் ரெண்டையும் ஃபுல் டைட் வச்சேன், அதுக்கப்புறம் டோல்கேட்டுக்கு முன்னாடி வரிசையா கோடு போட்டிருப்பாங்களே, அதுல ஏறினா முதல் ரெண்டு மூணு கோடு ஒண்ணும் தெரியல, கடைசில வண்டி மூக்கு கீழ உக்காந்து தட் தட்னு இடிக்குது. ஸ்டியரிங் வேற லேசா இடது பக்கம் இழுக்குது. பட்டறையில கேட்டா செகண்ட் ஹேண்ட் ஷாக்குன்னா அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க. ஷாக்கே போச்சா, இல்ல மாட்டினதுல தப்பா? பழையபடி ஒரிஜினலுக்கே போயிடலாமா?

காட்பாடி டீசல்:

ப்ரோ, டாப் மவுண்டிங் (ஷாக்கோட மேல் முனைய பாடியில புடிக்கிற பாகம்) ரப்பர் போயிருக்கும், எஸ்டீம் 20 வருஷ வண்டி, நம்ம ஊரு வெயிலுக்கு ரப்பர் எல்லாம் பிஸ்கட் மாதிரி ஆயிடும். ரெண்டு பக்கமும் மவுண்டிங் பேரிங் புதுசு போடுங்க, சத்தம் நிக்கும். எனக்கு அப்படித்தான் நின்னுச்சி.

சத்துவாச்சாரி வாசகன்:

தம்பி தப்பா எடுத்துக்காதீங்க. அப்பாவுக்காகத்தான் பண்றீங்கன்னா இந்த டைப் ஷாக்கே தேவையில்ல. அது வளைவுல வண்டி சாயாம இருக்கணும்னு வாங்கறவங்களுக்கு. ஒரிஜினல் ஷாக், புது மவுண்டிங், டயர்ல சரியான காத்து, இது போதும். நான் 1999 எஸ்டீம் வச்சிருந்தேன், டயர்ல காத்து ஜாஸ்தியா அடிச்சிக்கினு ஷாக்க திட்டுறவங்கள நெறைய பாத்திருக்கேன். முதல்ல டயர் எவ்ளோ இருக்குன்னு பாருங்க, கதவுத் தூண்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கோ அதான் கணக்கு.

ஆற்காடு பட்டறை:

தம்பி, பொருள மாத்துறதுக்கு முன்னாடி சத்தம் எங்க இருந்து வருதுன்னு கையால கண்டுபுடி. நான் 31 வருஷமா சஸ்பென்ஷன் வேலதான் பாக்குறேன், டொக் டொக்னு சத்தம் கேட்டதும் மவுண்டிங் மாத்துறது, அப்புறம் லிங்க் ராடு மாத்துறது, அப்புறம் ரேக் மாத்துறதுன்னு காசு போயிக்கினே இருக்கும், சத்தம் மட்டும் போகாது.

நீ எழுதினதுலயே ஒரு சேதி இருக்கு. சின்ன மேட்டுல கேக்குது, பெரிய மேட்டுல கேக்கல. ஷாக் உள்ள வால்வு போயிருந்தா பெரிய மேட்டுலதான் மொதல்ல காட்டும், வண்டி ஏறி எறங்கி ரெண்டு மூணு தடவ ஆடும். சின்ன அதிர்ச்சிக்கு மட்டும் டொக்குன்னா எங்கயோ ஒரு இடத்துல ரெண்டு இரும்புக்கு நடுவுல மயிரிழை இடைவெளி இருக்குன்னு அர்த்தம், பெரிய மேட்டுல வெயிட்டு முழுசா ஒரு பக்கமா அழுத்திடுது, அதனால அந்த இடைவெளி ஆட நேரமே இல்ல. அந்த இடைவெளி எங்கன்றதுதான் கேள்வி.

இப்படி பண்ணு. வண்டி தரையில நிக்கட்டும், ஜாக்கி வேணாம், இஞ்சின் ஆஃப். பானட்ட தொறந்து இடது டவர்ல, அதாவது ஷாக்கோட மேல் முனை பாடியில மாட்டியிருக்கற மேட்டுல, நட்டு மேல விரல வச்சிக்கோ. ஒருத்தர ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் லேசா ஆட்டச் சொல்லு. அங்க டிக்குன்னு விரல்ல தட்டினா காட்பாடி தம்பி சொன்ன மவுண்டிங்தான், இல்ல மேல் நட்டு லூசு. அங்க ஒண்ணும் இல்லன்னா அடுத்து சக்கரத்த முழுசா வலது பக்கம் திருப்பி வச்சிட்டு, வீல் ஆர்ச் உள்ள கைய விட்டு ஸ்ட்ரட் ட்யூபோட மேல் விளிம்பையும் உள்ள இருந்து வர்ற இன்சர்ட்டையும் சேர்த்து ஒரே விரலால தொட்டுக்கினு இரு, பாதி விரல் ட்யூப் மேல, பாதி இன்சர்ட் மேல. இன்னொருத்தர் ஃபெண்டர கையால சின்னச் சின்னதா குலுக்கட்டும், பெருசா அழுத்தக் கூடாது. ரெண்டும் ஒண்ணா அசையணும். ஒண்ணுக்கொண்ணு நழுவுற மாதிரி தெரிஞ்சா இன்சர்ட் ஹவுசிங்குல சரியா உக்காரல.

எனக்கு சந்தேகம் அங்கதான். வெட்டி எறக்குற டைப் இன்சர்ட்ட புடிச்சி நிறுத்துறது அடியில இருக்கற ஒரே ஒரு போல்ட்டு. வெட்டின விளிம்புல பிசிறு எடுக்காம எறக்கினா அந்தப் பிசிறு உள்ள விழுந்து அடியில மாட்டிக்கும், இன்சர்ட் அது மேல உக்காரும், போல்ட்டும் டைட் ஆன மாதிரி இருக்கும், 100 கிலோமீட்டர் ஓடினதும் பிசிறு நசுங்கி போல்ட் லூசாயிடும்.

அப்புறம் எனக்கு நாலு சேதி தெரியணும். மேல் நட்ட இம்பாக்ட் கன் (மெஷின் ஸ்பேனர்) வச்சி டைட் வச்சாங்களா, ஸ்பேனர் வச்சா? லோயர் ஆர்ம் போல்ட்ட கடைசியா டைட் வைக்கிறப்ப வண்டி தரையில நின்னுச்சா, லிஃப்ட்ல தொங்கிச்சா? பின்னாடி ரெண்டு ஷாக்கும் எந்த செட்டிங்ல இருந்துச்சின்னு மாட்டுறதுக்கு முன்னாடி பாத்தாங்களா? வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரி பாக்கறது) பண்ணீங்களா?

குடியாத்தம் எஸ்டீம்:

அண்ணா ரொம்ப நன்றி. நான் கூடவே நின்னு பாத்தேன், அதனால ஞாபகம் இருக்கு. மேல் நட்டுக்கு கன்தான் வச்சாங்க, டர்ர்னு ஒரே இழுப்பு, ராடு கூடவே சுத்துச்சி. லோயர் ஆர்ம் வண்டி லிஃப்ட்ல தொங்கறப்பவே டைட் வச்சிட்டாங்க. பின்னாடி செட்டிங் யாரும் பாக்கல, வந்த மாதிரியே மாட்டியாச்சு. அலைன்மென்ட் பண்ணல, ஷாக்குதான மாத்தினோம் அதுக்கு வேணாம்னு சொன்னாங்க.

இன்னைக்கு சாயந்தரம் தம்பிய குலுக்கச் சொல்லி நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன். மேல நட்டுல ஒண்ணும் இல்ல, அமைதியா இருக்கு. கீழ ட்யூப் விளிம்புல விரல வச்சதும் தெரிஞ்சிடுச்சிண்ணா, டிக் டிக்னு நகம் தட்டுற மாதிரி, இன்சர்ட் ஒரு நூல் அளவு ட்யூபுக்குள்ள ஏறி எறங்குது. வலது பக்கம் பாத்தேன், அங்க கல்லு மாதிரி நிக்குது. நீங்க நேர்ல பாக்காமலே சொல்லிட்டீங்க.

இப்ப அத எப்படி சரி பண்றது, அப்படியே அடி போல்ட்ட டைட் வச்சா போதுமா? அப்புறம் அந்த டோல்கேட்டு இடி?

ஆற்காடு பட்டறை:

போல்ட்ட மட்டும் டைட் வைக்காத. இன்னைக்கு நிக்கும், அடுத்த மாசம் திரும்ப வரும். ஸ்ட்ரட்ட வெளிய எடுக்கணும். எடுக்கறதுக்கு முன்னாடி நக்கிள்ல (சக்கரத்த தாங்குற இரும்பு) இருக்கற ரெண்டு போல்ட்டுக்கும் ஸ்ட்ரட்டுக்கும் சேர்த்து பெயிண்டாலயோ ஆணியாலயோ ஒரு கோடு போட்டுக்கோ, அந்த ஓட்டையில கொஞ்சம் இடம் விட்டுத்தான் இருக்கும், மாட்டுறப்ப எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் கேம்பர், அதாவது சக்கரத்தோட சாய்வு, மாறிடும். உன் ஸ்டியரிங் இழுக்கறதுக்கு பாதி காரணம் இதுவாத்தான் இருக்கும். ஸ்ட்ரட்ட தொட்டாலே அலைன்மென்ட் பண்ணித்தான் ஆகணும், வேணாம்னு சொன்னது தப்பு.

ஸ்பிரிங்க கழட்ட கம்ப்ரஸ்ஸர் கட்டாயம். ரெண்டு பக்கமும் சமமா இறுக்கி, டாப் மவுண்டிங் கையால சுத்துற அளவுக்கு ஸ்பிரிங் விட்டதுக்கு அப்புறம்தான் மேல் நட்டுல கை வைக்கணும். கயிறு கட்டிக்கலாம், ஆள் மேல நின்னு அமுக்கிக்கலாம்னு யாராச்சும் சொன்னா அங்க வேல குடுக்காத. நான் வேல கத்துக்கினு இருந்தப்ப பக்கத்துல ஒரு பையனுக்கு மவுண்டிங் தட்டு பறந்து தாடை உடைஞ்சிது, அத கண்ணால பாத்தவன் நான்.

இன்சர்ட்ட உருவி ட்யூப தலகீழா கவுத்துப் பாரு, உள்ள இருக்கறது கீழ விழும். விளிம்ப அரம் போட்டு உள்பக்கம் வழவழன்னு ஆக்கு, விரல விட்டு சுத்தினா எங்கயும் கீறக் கூடாது. காத்து அடிச்சி சுத்தம் பண்ணிட்டு இன்சர்ட்ட எறக்கி அடியில முட்டுற சத்தம் கேக்கணும், ணங்குன்னு. பிசிறு இருந்தா மொட்டையா கேக்கும். அப்புறம் போல்ட்டுக்கு த்ரெட் லாக் பசை ரெண்டு சொட்டு விட்டு, டார்க் ரெஞ்ச் (அளவு வச்சி இறுக்குற ஸ்பேனர்) வச்சி டைட் பண்ணு.

மேல் நட்டுக்கு கன் கூடவே கூடாது. இந்த டைப் ஷாக்குல ராடுக்குள்ளயேதான் அட்ஜஸ்ட் பண்ற மெக்கானிசம் இருக்கு, ராடு வேகமா சுத்தினா அது அடி வாங்கும். ராட பிளேயர் வச்சி புடிக்கறவங்களும் உண்டு, குரோம்ல ஒரு கீறல் விழுந்தா போதும், அந்தக் கீறல் சீல அறுத்துடும், ஆறு மாசத்துல எண்ணெய் ஒழுகும். மேல தல பாகத்த புடிச்சிக்கினு கை ஸ்பேனர்ல டைட் வைக்கணும். உன் குமிழ் ரெண்டும் முழுசா திரும்புதான்னு பாரு, திரும்பினா தப்பிச்சிடுச்சின்னு வச்சிக்கலாம்.

டோல்கேட்டு இடி வேற கத. ஷாக்குக்கு ரெண்டு வேல, அமுங்கறப்ப புடிக்கிறது ஒண்ணு, விரியறப்ப புடிக்கிறது ஒண்ணு. உன் குமிழ் ரெண்டாவத மட்டும்தான் மாத்துது. ஃபுல் டைட் வச்சா, முதல் கோட்டுல சக்கரம் மேல ஏறுது, ஸ்பிரிங் அத திரும்ப கீழ தள்ளப் பாக்குது, ஷாக் விட மாட்டேங்குது, பாதி விரியறதுக்குள்ள அடுத்த கோடு வந்துடுது. திரும்ப ஏறுது, திரும்ப பாதிதான் எறங்குது. இப்படி ஒவ்வொரு கோட்டுக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமா கீழ உக்காந்து உக்காந்து கடைசில பம்ப் ஸ்டாப்பர்ல, அதாவது ஷாக் முழுசா அமுங்கினா தடுக்குற ரப்பர்ல, இடிக்குது. நீ கேட்ட தட் தட் அதான். டைட்டா வச்சா ஸ்ட்ராங்குன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, நம்ம ரோட்டுல ஃபுல் டைட்டுக்கு வேலையே இல்ல தம்பி. ரெண்டு குமிழையும் முழு சாஃப்ட்டுக்கு கொண்டாந்து அங்க இருந்து ஆரம்பி.

பின்னாடி ஷாக்க கட்டாயம் கழட்டிப் பாரு. நேரா நிக்க வச்சி முழுசா அமுக்கு, அமுக்கிக்கினே மெதுவா இடது பக்கமா, கடிகாரத்துக்கு எதிர்த் திசையில திருப்பு, உள்ள பல்லு மாட்டுறது கையில தெரியும். மாட்டினதும் அதே பக்கம் அரைச்சுத்து அரைச்சுத்தா எண்ணிக்கினே போ, ஒரு இடத்துல நிக்கும், அங்க பலம் போடாத, அதான் ஜீரோ, முழு சாஃப்ட். வலது பக்கம் திருப்பினா டைட். மொத்தம் சுமார் 5 அரைச்சுத்துதான் இருக்கும். செட்டிங் வச்சதும் திருப்பாம நேரா ஒரு சென்டிமீட்டருக்கு மேல தூக்கு, பல்லு விட்டுடும், அப்புறம் ராடு எப்படி சுத்தினாலும் செட்டிங் மாறாது. ரெண்டு ஷாக்கையும் ஜீரோவுக்கு கொண்டாந்துட்டு அங்க இருந்து ஒரே எண்ணிக்கைதான். பழசு வாங்கறப்ப முன்னாடி வச்சிருந்தவரு ஒண்ண ரெண்டுலயும் ஒண்ண நாலுலயும் விட்டிருக்கலாம், அப்படி இருந்தா வண்டி ஒரு பக்கம் ஒரு மாதிரி நடக்கும், நீ முன்னாடி தேடிக்கினே இருப்ப.

இன்னொண்ணு, படுக்க வச்சி பார்சல்ல வந்த ஷாக்குன்னா மாட்டுறதுக்கு முன்னாடி நிக்க வச்சி நாலஞ்சு தடவ முழுசா இழுத்து அமுக்கணும், உள்ள காத்து எண்ணெயோட கலந்திருந்தா மேல வந்துடும். இழுக்கறப்ப நடுவுல ஒரு இடத்துல வெத்தா போனா அந்த ஷாக் செத்துடுச்சின்னு அர்த்தம். கடைசியா லோயர் ஆர்ம் போல்ட்ட லூஸ் பண்ணிட்டு, நாலு சக்கரமும் தரையில நிக்கறப்ப திரும்ப டைட் வை. தொங்கறப்ப டைட் வச்சா ரப்பர் அந்தக் கோணத்துலயே கடிச்சிக்கும், தரைக்கு வந்ததும் எந்நேரமும் முறுக்கிக்கினே இருக்கும், புது புஷ்ஷு ஒரு வருஷம் தாங்காது.

ஜோலார்பேட்டை ரூட்:

அண்ணன் சொன்னதுல ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்ல. நான் ஏலகிரி மேல அடிக்கடி ஏறுறவன், 14 கொண்டை ஊசி வளைவு, அந்த ஆசையில பின்னாடி ரொம்ப டைட் வச்சி ஓட்டினேன், மழை நாள்ல எறங்கறப்ப வால் பக்கம் லேசா வழுக்கிச்சி, அன்னைக்கே கொறச்சிட்டேன். இப்ப முன்னாடி ரெண்டு அரைச்சுத்து, பின்னாடி ஒண்ணு. வண்டியில அப்பா அம்மா வர்றாங்கன்னா அதுலயும் கொறச்சி வைங்க.

குடியாத்தம் எஸ்டீம்:

பதினாறு நாள் கழிச்சி எழுதுறேன், லேட்டானதுக்கு மன்னிச்சிடுங்க, வேலைய ரெண்டு ஞாயித்துக்கிழமையா பிரிச்சி பண்ண வேண்டியதாப் போச்சி. பழைய பட்டறைக்கு போகல, ராணிப்பேட்டையில ஒரு லேத் பட்டறையில கம்ப்ரஸ்ஸரும் டார்க் ரெஞ்சும் இருந்துச்சி, அங்க குடுத்து கூடவே நின்னேன்.

இடது இன்சர்ட்ட உருவி ட்யூப கவுத்ததும் தரையில கிணிங்குன்னு ஒண்ணு விழுந்துச்சிண்ணா. கையில எடுத்துப் பாத்தா கத்திரிக்காய் காம்பு மாதிரி வளைஞ்ச ஒரு இரும்புச் சுருள், ஒரு பக்கம் நசுங்கி பளபளன்னு இருக்கு, அந்தப் பக்கத்து மேலதான் இன்சர்ட் இத்தன நாளா உக்காந்துக்கினு இருந்திருக்கு. அடி போல்ட் கையாலயே முக்கால் சுத்து வந்துடுச்சி. விளிம்பு உள்பக்கம் விரல விட்டேன், பிளேடு மாதிரி கீறுது. அரம் போட்டு சுத்தம் பண்ணி எறக்கினப்ப நீங்க எழுதின அதே ணங் சத்தம். வலது பக்கமும் கழட்டினோம், அதுல ஒண்ணும் விழல, ஆனா விளிம்பு அதே மாதிரி இருந்துச்சி, அதையும் சரி பண்ணியாச்சு.

பின்னாடி ரெண்டையும் அமுக்கி எண்ணினோம். ஒண்ணு ஒரு அரைச்சுத்துல நின்னுடுச்சி, இன்னொண்ணு நாலு அரைச்சுத்து போச்சி! இவ்ளோ நாளா ஒரு பக்கம் மெத்தை, ஒரு பக்கம் கட்டை மாதிரிதான் ஓடியிருக்கு. ரெண்டையும் ஜீரோவுல விட்டாச்சு. முன்னாடி ஜீரோவுல இருந்து ஒரு அரைச்சுத்து மட்டும், ஏன்னா முழு ஜீரோவுல பிரேக் புடிச்சா மூக்கு கொஞ்சம் குத்துற மாதிரி இருந்துச்சி. குமிழ் ரெண்டும் முழுசா திரும்புது. லோயர் ஆர்ம் தரையில வச்சி திரும்ப டைட் வச்சாச்சு, போல்ட்ட லூஸ் பண்ணப்ப வண்டி ஒரு விரக்கடை அளவு தானா கீழ எறங்கி உக்காந்துச்சி, அந்த ரப்பர் எவ்ளோ முறுக்கிக்கினு இருந்திருக்கும்னு அப்பதான் புரிஞ்சிது. சத்துவாச்சாரி அண்ணா சொன்னதுக்காக டயரும் பாத்தேன், நாலுலயும் ஸ்டிக்கர்ல இருக்கறத விட 6 பாயின்ட் ஜாஸ்தி, பெட்ரோல் பங்க்ல அடிச்சி விட்டது, அதையும் கொறச்சேன். அலைன்மென்ட்டும் முடிஞ்சிது, இழுக்கறது நின்னுடுச்சி.

நேத்து அப்பாவ கூட்டிக்கினு போனேன். பாலாத்து பாலம் தாண்டுற வரைக்கும் ரோட்ட விட்டு அவரு கையத்தான் பாத்துக்கினே இருந்தேன், ரெண்டு கையும் மடியில ஸ்கேன் கவர் மேலயே இருந்துச்சி. டோல்கேட்டு கோட்டுல டுர்ர்னு ஒரு அதிர்வு, அவ்ளோதான், இடி இல்ல. அண்ணா, உங்கள எனக்கு முன்ன பின்ன தெரியாது, இவ்ளோ நேரம் உக்காந்து எழுதினீங்க, எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

சத்துவாச்சாரி வாசகன்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. நான் ஒரிஜினலே போதும்னு எழுதினேன், இப்பவும் புதுசா வாங்கறவங்களுக்கு அதான் சொல்வேன், ஆனா உங்க விஷயத்துல ஷாக் மேல தப்பே இல்லன்னு இப்ப தெரியுது. அப்பா உடம்ப பாத்துக்கோங்க.

ஆற்காடு பட்டறை:

நல்லது தம்பி. அந்த இரும்புச் சுருள தூக்கிப் போடாத, ஷாக் மாத்துற பசங்ககிட்ட காட்டு. இன்னும் ஒரு வேல பாக்கி இருக்கு. 500 கிலோமீட்டர் ஓடினதும் ரெண்டு பக்கமும் அடி போல்ட்டு, மேல் நட்டு, நக்கிள் போல்ட்டு மூணையும் டார்க் ரெஞ்ச் வச்சி தொட்டுப் பாரு, திருப்ப வேணாம், கிளிக்குன்னு அதே டார்க்ல நிக்குதான்னு மட்டும். அப்பவே ட்யூப் விளிம்புல திரும்ப விரல வச்சிப் பாத்துடு. ராடுல எண்ணெய் லேசா ஈரம் மாதிரி இருந்தா பயப்படாத, தொட்டா விரல்ல சொட்டா வந்தா மட்டும் எழுது.

குடியாத்தம் எஸ்டீம்:

சரிண்ணா. இதுவரைக்கும் 210 ஓடியிருக்கு. அடுத்த மாசம் ஆஸ்பத்திரி போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பாத்துட்டு இங்கயே எழுதுறேன்.